துணி பாவிக்கிறவர்களின் இரத்தப்போக்கை எப்படி அளப்பது? உதவி தேவை

வணக்கம் சகோதரிகளே. வாழைச்சேனை, கிரான் பக்கப் பெண்களுக்காக மாதவிடாய்க் குறிப்பு அட்டை ஒன்று தயாரிக்கிறோம். நப்கினுக்குப் படம் பார்த்துப் புள்ளி போடும் முறை 1990இலிருந்தே இருக்கிறது: லேசாக நனைந்தால் 1, நடுத்தரமென்றால் 5, முழுக்க ஊறினால் 20. சிறு இரத்தக்கட்டிக்கு 1, பெரிய இரத்தக்கட்டிக்கு 5. ஒரு மாதவிடாய்க்கு மொத்தப் புள்ளி 100ஐத் தாண்டினால் அதிகப்போக்கு. ஏறத்தாழ 80 மில்லிலீற்றருக்கு மேல்.

சிக்கல் துணியில்தான். நாலாய் மடித்த பழஞ்சாரனும் சேலைத்துண்டும் ஒரே அளவா உறிஞ்சும்? சாயத்தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்ப்பதும் சரிவராது. இரத்தம் தடிப்பு, தண்ணீர்போல ஓடிப் பரவாது. அதனால் சோளமா கரைத்துத் தடிப்பாக்கிய சாயத்தை 5, 10, 20 மில்லிலீற்றராக ஊற்றிப் படம் எடுக்கப் போகிறோம்.

உங்களிடம் கேட்பது: என்ன துணி, என்ன அளவு, எத்தனை மடிப்பு, கூடப் போகும் நாளில் எத்தனை மணித்தியாலத்துக்கொருக்கா மாற்றுவீர்கள்? இன்பொக்ஸில் போடுங்கள், பெயர் வேண்டாம். வயலுக்குப் போகிறவர்கள் மாற்ற இடமில்லாமல் ஒரே துணியோடு நாள் முழுக்க இருப்பதுண்டு. அப்படியென்றால் அதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் புள்ளி குறைந்து கணக்குப் பிழைக்கும்.

டெப்போ ஊசி (கருத்தடை ஊசி) போட்டவர்கள் அதையும் சொல்லுங்கள். அந்த ஊசியோடு இடையிடையே இரத்தம் படுவது சாதாரணம், அவர்களுக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறோம்.

மணிக்கொரு நப்கின் ஊறி 2 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, தலைசுற்றினாலோ, பிள்ளை தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ அட்டையை விடுங்கள், உடனே ஆஸ்பத்திரி. திருக்கோவில், பொத்துவில் பக்கமிருந்தும் ஆட்கள் வேண்டும்.