சீன மொழி வகுப்புக் கேள்வித்தாள்: 'ஈடுபாடு' பகுதி மட்டும் சரியாக வரவில்லை

வணக்கம். எம்.எட். ஆய்வுக்காகப் பாளையங்கோட்டையில் நடக்கும் ஒரு சீன மொழி வகுப்பை எடுத்திருக்கிறேன். மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த வகுப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்க வேண்டும். 34 மாணவர்கள், தொடக்கநிலை. 2 ஆசிரியர்கள்.

கருவி விஹிக் (WIHIC, 'இந்த வகுப்பில் என்ன நடக்கிறது?' என்ற கேள்வித்தாள்; ஃபிரேசர், ஃபிஷர், மெக்ராபி, 1996): 7 பகுதிகள், 56 வாக்கியங்கள், ஐந்து புள்ளி அளவு. தமிழாக்கித்தான் கொடுத்தேன். ஆறு பகுதிகளில் கிரோன்பாக் ஆல்ஃபா (ஒரு பகுதியின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.7-க்கு மேல். ஈடுபாட்டில் மட்டும் 0.46.

தமிழாக்கத்தை ஒரு தோழியிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தேன், பொருள் மாறவில்லை. முதல் முறை ஆசிரியர் பக்கத்தில் நின்றதால் பிள்ளைகள் 5-ஆகவே வட்டமிட்டிருந்தார்கள். அதனால் மூன்று வாரம் கழித்து, பேர் எழுதாமல், அவர் இல்லாத நேரத்தில் மறுபடி எடுத்தேன். மேலே சொன்ன எண்கள் அதில் வந்தவை. இரண்டு வாக்கியங்களை நீக்கினால் 0.51, அவ்வளவுதான்.

அப்புறம் ஆறு மாணவர்களிடம் ஈடுபாட்டு வாக்கியங்களைப் பற்றி உட்கார்ந்து பேசினேன். "கருத்து சொல்றதுன்னா என்னக்கா? நாங்க எல்லாரும் சேந்துதான சொல்லுதோம்?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டது நியாயம். 'மா' என்ற ஓர் ஒலியே தொனி மாறினால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நாலு பொருள் தரும். அதைக் கூட்டமாகச் சொல்லிச் சொல்லித்தான் பழகுகிறார்கள். அந்தச் சத்தத்தை வைத்து ஆசிரியர்கள் ஈடுபாட்டுக்கு 4, 5 போடுகிறார்கள். பிள்ளைகளோ 1-லிருந்து 5 வரை சிதறிக் கிடக்கிறார்கள்.

ஜனவரி கடைசிக்குள் கருவியை முடிவுசெய்ய வேண்டும். தொடக்கநிலை மொழி வகுப்பில் இதைப் பயன்படுத்தியவர்கள், ஈடுபாட்டு வாக்கியங்களை எப்படி மாற்றி எழுதினீர்கள்?