புதுப்பிப்பு: இரவில் டைரி எழுதினால் தூக்கம் போகிறது (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. படுக்கும் முன் மனக்குறைகளை எழுதினால் தூக்கம் தள்ளிப்போகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, எழுத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன யோசனை. மனபாரத்தை மாலையிலேயே 15 நிமிடம், அடுத்தடுத்து 4 நாள் மட்டும் எழுதுவது. மனபாரத்தை எழுதுவது பற்றி 1986-இல் அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வின் அளவும் இதுதான். படுக்கும் முன் 5 நிமிடம் நாளைய வேலைப் பட்டியல், வேறெதுவும் இல்லை. அதில் "அலுவலக வேலை" என்று பொத்தாம்பொதுவாக எழுதிப் பயனில்லை. "10 மணிக்குக் கணக்கை அனுப்பு" என்கிற அளவுக்குத் துல்லியம் வேண்டும்.

எதிர்பாராதது: மாலை எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. இது வழக்கமானதே, ஓரிரு மணி நேரத்தில் தணிந்தது. நான்கு நாளைத் தாண்டி நீட்டியபோது அதே புலம்பல்தான் திரும்ப வந்தது, நிறுத்தியாயிற்று. போனில் எழுதும் யோசனை ஒத்துவரவில்லை. பட்டியலுக்கு நடுவே அறிவிப்புகள் வந்து விழுகின்றன, காகிதமே மேல்.