ஹீத், மூர், ஃபர்ஸ், லிங்: எல்லாவற்றுக்கும் 'தரிசு' என்று எழுதலாமா?

வரப்போரம்:
18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராம நில ஆவணங்களைத் தமிழாக்கி வருகிறேன். ஹீத், மூர், வேஸ்ட் மூன்றுக்கும் அகராதியில் 'தரிசு' என்றே இருக்கிறது. ஃபர்ஸ், கோர்ஸ், வின் மூன்றும் 'முட்புதர்'. ஓரிடத்தில் ப்ரூம் வெட்டுகிறார்கள், இன்னோரிடத்தில் டர்பரி உரிமை கேட்கிறார்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? எந்த இடத்தில் பிரித்து எழுத வேண்டும்?

சொல்வேர்:
ஹீத் பழைய ஆங்கிலத்தில் 'ஹேத்', ஜெர்மனில் 'ஹைட'. நிலத்துக்கும் அதில் வளரும் குறுஞ்செடிக்கும் அன்றைக்கே ஒரே பெயர்தான். நம் 'முல்லை' கொடியையும் நிலத்தையும் குறிப்பது போல. அதனால் 'ஹீத் வெட்டினார்கள்' என்று வந்தால் அது செடி, 'ஹீத்தில் மேய்த்தார்கள்' என்றால் நிலம்.

மூர் பழைய ஆங்கிலத்தில் சதுப்பையும் குறித்தது, பயிர் ஏறாத மேட்டையும் குறித்தது. இன்றைய வழக்கில் ஹீத் என்பது தாழ்வான, மணற்பாங்கான, நீர் தங்காத நிலம். பெரும்பாலும் 300 மீட்டருக்குக் கீழே. மூர் என்பது மழை மிகுந்த, கரி மண் (பீட், ஈரத்தில் முழுதும் மக்காத செடிகொடிகளின் படிவு) படிந்த மேட்டு நிலம். ஹீத்துக்குப் 'புதர்வெளி', மூருக்கு 'ஈர மேட்டுவெளி' என்று வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

வேஸ்ட் என்பதைத் தரிசு என்றோ வீண்நிலம் என்றோ எழுதினால் ஆவணத்தின் பொருளே கெட்டுவிடும். அது உழாத நிலம், உதவாத நிலமல்ல. ஊரின் ஆடுமாடும் அடுப்பும் அதை நம்பித்தான் இருந்தன. நம் மேய்ச்சல் புறம்போக்கு நினைவுக்கு வரும், ஆனால் புறம்போக்கு அரசுடையது. வேஸ்ட் மேனர் (ஒரு பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட பண்ணை நிலப்பகுதி) பிரபுவின் சொத்து, ஊராருக்கு அதன்மேல் பாத்தியதை மட்டுமே. போதிய மேய்ச்சலை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிரபு வளைத்துக்கொள்ளலாம் என்று 1235-இல் மெர்ட்டன் சட்டம் அனுமதித்தது. பிற்கால வழக்குகளின் வேர் அங்கே இருக்கிறது.

முட்செடி:
செடிகளுக்கு வருகிறேன். ஃபர்ஸ் (பழைய வடிவம் 'ஃபிர்ஸ்'), கோர்ஸ் ('கோர்ஸ்ட்'), வின் மூன்றும் ஒரே முட்செடிதான். வின் பெரும்பாலும் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வரும், ஸ்காண்டிநேவிய வரவு என்பது பொதுவான கருத்து. தமிழில் ஒரே சொல் போதும், ஆனால் 'முட்புதர்' என்று பொதுவாக விடாதீர்கள். ஃபர்ஸ் ஒரு சரக்கு. சட்டென்று பற்றி மிகுந்த சூடு தரும் என்பதால் ரொட்டி அடுப்புக்குக் கட்டுக்கட்டாகப் போனது. முள்ளை நசுக்கிக் குதிரைக்குத் தீவனமாகவும் போட்டார்கள்.

ப்ரூம் இதற்கு உறவு, அதே மஞ்சள் பூ, ஆனால் முள் இல்லை. இதைத் 'துடைப்பம்' என்று மொழிபெயர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முதலில் செடிக்குத்தான் அந்தப் பெயர், பிறகுதான் அதன் மிளாறைக் கட்டிய கருவிக்கு. விளக்குமாற்றில் உள்ள 'மாறு' மிளாறுதான் என்பதை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கோர்ஸும் ப்ரூமும் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்து, இன்று அங்குள்ள புல்வெளிகளை ஆக்கிரமித்து நிற்கின்றன.

லிங் என்பது ஹீத்தில் வளரும் குறுஞ்செடி. பழைய நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல்லான 'லிங்'கிலிருந்து வந்த பெயர். ஹெதர் என்பதும் பெரும்பாலும் இதையே குறிக்கும். ஆனால் 'பெல் ஹெதர்' வேறு செடி. இலையைப் பார்த்தால் தெரியும்: லிங்குக்குச் செதில் போன்ற சிற்றிலைகள் தண்டோடு ஒட்டி நான்கு வரிசையாக அடுக்கியிருக்கும். பெல் ஹெதருக்கு ஊசியிலைகள் மும்மூன்றாகச் சுற்றி நிற்கும். அதுவே நான்கு நான்காக நின்றால் 'க்ராஸ்-லீவ்டு ஹீத்', ஈரமான இடத்தில் வருவது.

வரப்போரம்:
நன்றி. ஊர்ப் பெயர்களிலும் இவை ஒளிந்திருக்கின்றனவா? டர்பரியை விட்டுவிட்டீர்களே.

சொல்வேர்:
ஹாட்ஃபீல்டு என்றால் ஹீத் படர்ந்த திறந்தவெளி. ப்ராம்லி, ப்ரூம் வளர்ந்த காட்டுவெளி. ஃபார்ன்ஹாமில் இருப்பது 'ஃபெயார்ன்', அதாவது ஃபெர்ன் (பெரணி). வடமொழிப் 'பர்ணம்' அதன் உடன்பிறப்பு. பர்ணசாலையில் இருக்கிறதே, அதேதான். ஆனால் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. சர்ரேயின் லிங்ஃபீல்டில் லிங் செடி இல்லை, ப்ராம்ஸ்க்ரோவில் ப்ரூம் இல்லை. பழைய எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

டர்பரி, எரிபொருளுக்காகக் கரிமண் கட்டியையோ மேல்மண் பத்தையையோ வெட்டும் உரிமை. இடைக்கால லத்தீன் வழியாக வந்தாலும் அடியில் இருப்பது ஜெர்மானிய 'டர்ஃப்'. வேரோடு பிடித்த புல்குத்து என்பது பழம்பொருள். நம்மிடம் வந்துள்ள 'தர்ப்பை'யும் அதே வேர்தான். இந்த உரிமை வீட்டோடு ஒட்டியது: அந்த வீட்டு அடுப்பில் எரிக்கலாம், விற்கக் கூடாது. தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட்டில் ஒரு பத்தை வெட்டினால் பக்கத்தில் இரண்டை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் வெட்டிய இடத்தில் செடி மீண்டும் பிடிக்கும். 'கரி தோண்டும் உரிமை' என்று எழுதினால் வாசகர் சுரங்கத்தை நினைப்பார். 'பத்தை வெட்டும் பாத்தியதை' என்று எழுதுங்கள்.

முட்செடி:
கூடவே 'ஹேபோட்' என்று ஒன்று வரும். அதில் உள்ள ஹே வைக்கோல் அல்ல, வேலி. வேலியைச் செப்பனிட மரமும் முள்ளும் எடுக்கும் உரிமை அது. 'போட்' என்றால் செப்பனிடுவது.