சங்கத்தின் பெயரில் போலி நன்கொடைக் கோரிக்கை: வழி சொல்லுங்கள்

எங்கள் சேவைச் சங்கம் கண்புரை அறுவை சிகிச்சைக்காக நிதி திரட்டி வருகிறது. சென்ற மாதக் கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து, பொருளாளரின் படத்தையும் சங்க முத்திரையையும் வைத்துக்கொண்டு யாரோ வாட்ஸ்அப்பில் நன்கொடையாளர்களிடம் பணம் கேட்கிறார்கள். எண் மட்டும்தான் வேறு. "கூட்டத்தில் இருக்கிறேன், பேச இயலாது, மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு செய்தி, கூடவே க்யூஆர் குறியீடு. அதை ஸ்கேன் செய்தால் சங்கத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் வருகிறது. கவனித்தவர்கள் தப்பினார்கள். வயதான சிலர் அனுப்பிவிட்டார்கள். அவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பொருளாளரின் வாட்ஸ்அப் கணக்கு திருடப்படவில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கூடுதலாக ஒரு ரகசிய எண் கேட்கும் பாதுகாப்பு) முன்பே இருக்கிறது. இணைக்கப்பட்ட சாதனங்களிலும் புதிதாக எதுவும் இல்லை. படத்தைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றினோம். போலி எண்ணைப் பற்றி வாட்ஸ்அப்பில் புகார் செய்தோம். அது முடங்கியதும் வேறு எண் முளைத்தது. வங்கியிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்தாயிற்று. உறுப்பினர்கள் மூலம் எச்சரிக்கையும் அனுப்பினோம். அந்த எச்சரிக்கையையே நகலெடுத்து, "பழைய எண்தான் போலி, இதுவே சரியான எண்" என்று மோசடிக்காரர் திருப்பி அனுப்பினார்! இப்போது எங்கள் உண்மையான கோரிக்கையையும் பலர் நம்ப மறுக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணம் கேட்பது சங்கம்தான் என்பதை நன்கொடையாளர் தாமே உடனே சரிபார்த்துக்கொள்ள, உங்கள் சங்கங்களில் நடைமுறையில் பலன் தந்த வழி எது?