90 நாளில் 20 கிலோ குறைக்கப் போன கதை: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

கோத்தகிரி தேயிலைக்காரன்:

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். வயது 46, உயரம் 168 சென்டிமீட்டர். போன அக்டோபரில் எடை 96 கிலோ. தோட்டத்தில் இருந்து ரோட்டுக்கு ஏற 62 படி. இலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுவது எனக்கு ஒரு பெருமை. அந்த மாதம் 30ஆவது படியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். நாலு வார்த்தை கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை.

அதே வாரம் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) 6.3 என்று வந்தது. "சர்க்கரை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நிற்கிறது" என்றார் டாக்டர். ஒரு 7 கிலோ குறைத்தாலே நல்ல பலன் என்றும் சொன்னார். 7 கிலோ எல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்தேன். பொங்கல் முடிந்து கோயம்புத்தூரில் அக்கா மகள் கல்யாணம். எண்ணிப் பார்த்தால் சரியாக 90 நாள் இருந்தது. காலண்டரில் '20' என்று பெரிதாக எழுதினேன்.

காலையில் பால் இல்லாத டீ. மதியம் எலுமிச்சை அளவு ராகிக் களியும் கீரையும். ராத்திரி கேரட், வெள்ளரி. சாயங்காலம் டீயோடு தின்கிற மொறுமொறு வர்க்கியை நிறுத்தியதுதான் பெரிய தியாகம். முதல் வாரம் 3½ கிலோ இறங்கியது. "இதே வேகத்தில் போனால் கல்யாணத்துக்குள் 45 கிலோ குறைஞ்சிடும், என்னை அடையாளமே தெரியாது" என்று வீட்டில் அளந்துகொண்டிருந்தேன். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "மழை நாள் இலைக்கு எவ்வளவு கழிப்பாங்க?"

தேயிலைக்காரர்களுக்கு இது புரிந்திருக்கும். மழையில் பறித்த இலையில் தண்ணீர் நிற்கும். அதனால் இலை வாங்குகிறவர் மொத்த எடையில் ஈரத்துக்கு இத்தனை என்று கழித்த பிறகுதான் சீட்டு எழுதுவார். அந்தக் கழிவுக்காக நான் போடாத சண்டை இல்லை. நல்ல வெயிலில் எடுத்த இலையே 4, 4½ கிலோ போனால்தான் ஒரு கிலோ டீத்தூள் தேறும். இவ்வளவு தெரிந்தவன் என் உடம்புக்கு மட்டும் கழிவே போடாமல் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் வந்தது. ஆறு வாரத்தில் 9 கிலோ குறைந்து 87. ஆனால் குளிர் தாங்கவில்லை. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். மலச்சிக்கல். தொட்டதற்கெல்லாம் கோபம். சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் காட்டிக்கொடுத்தது மூட்டைதான். 9 கிலோ இறங்கியவனுக்குப் படி ஏறுவது சுலபமாகத்தானே ஆகியிருக்க வேண்டும்? 22ஆவது படியிலேயே தொடை ஆட ஆரம்பித்துவிட்டது. 96 கிலோவில் 30 படி போனவன் 87 கிலோவில் 22 படி.

அப்புறம் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வேகமாகக் குறைத்தவர்கள், மெதுவாகக் குறைத்தவர்கள், விட்டுவிட்டவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

குன்னூர் நர்ஸ்:

அண்ணா, மழை இலையைப் பற்றி அண்ணி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. கல்லீரலிலும் தசையிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, களியைச் சட்டென்று குறைத்தால் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு. கூடவே தண்ணீரும் வெளியேறிவிடும். முதல் வாரம் எல்லாருக்கும் வருகிற அதிசயம் இதுதான். திரும்ப இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் பாதி திரும்பிவிடும், "என்ன செஞ்சாலும் ஏறுது" என்று அழுவார்கள்.

உங்கள் 20 கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 20 கிலோவுக்கு 1,54,000. அதை 90ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,711. தோட்ட வேலையோடு சேர்த்து உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதே சுமார் 2,500 இருக்கும். மிச்சம் 800 கலோரிதான் நீங்கள் சாப்பிடலாம். 800க்குக் கீழே போனால் அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டிய உணவுமுறை. நீங்கள் அந்த விளிம்பில் தனியாக நின்றுகொண்டு, கையில் மூட்டையும் வைத்திருந்திருக்கிறீர்கள்.

தொடை ஆடியதற்குக் காரணம் தசை கரைந்தது. உங்கள் பட்டியலில் பருப்பு எங்கே, முட்டை எங்கே? எடை குறைக்கிற காலத்தில் உடம்பு எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் தினமும் வேண்டும். கீரையை மட்டும் நம்பினால் உடம்பு தன் தசையையே எடுத்துச் சாப்பிடும்.

நாங்கள் பொதுவாகச் சொல்வது வாரத்துக்கு அரை கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை. வாரம் 1½ கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைத்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடுகிறது. கொழுப்பு கரையும்போது கல்லீரல் பித்தநீரில் அதிகக் கொலஸ்ட்ராலைத் தள்ளும். எண்ணெய்ப் பசையே இல்லாமல் சாப்பிடுவதால் பித்தப்பைக்குச் சுருங்கி விரிய வேலை இருக்காது. தேங்கினது கல்லாகும்.

கொடைக்கானல் டிரைவர்:

நர்ஸ் மேடம் சொன்ன அந்தக் கல்லை நேரில் பார்த்தேன். என் மச்சான் ஏதோ பவுடரைக் கரைத்து இரண்டு வேளை குடித்து இரண்டு மாதத்தில் 14 கிலோ குறைத்தான். ஊரே பாராட்டியது. மூன்றாவது மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி என்று துடித்தான். மலைப்பாதையில் அந்த நேரத்தில் வத்தலக்குண்டு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஸ்கேனில் கல். பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள்.

என் கதை சப்பென்று இருக்கும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிற தொழில். பார்ட்டி தூண் பாறையைப் பார்த்துவிட்டு வரும் வரைக்கும் டீ, அடுத்த இடத்தில் இன்னொரு டீ. எண்ணினால் ஒரு நாளைக்கு 8 டீ, டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. 16 ஸ்பூன். ஒரு கிண்ணத்தில் அளந்து போட்டுப் பார்த்தேன், எனக்கே வாந்தி வந்தது. சர்க்கரையை மட்டும் நிறுத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. வண்டி ஓட்டாத நாளில் ஏரியை ஒரு சுற்று நடப்பேன், அது 5 கிலோமீட்டர் பக்கம். ஐந்து மாதத்தில் 4 கிலோ குறைந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. பேன்ட் மட்டும் கவனித்தது.

ஊட்டிப் பெண், இப்போது திருப்பூர்:

கல்யாணத்துக்காகக் குறைத்தவள் நான். இரண்டு மாதத்தில் 10 கிலோ. போட்டோவெல்லாம் நன்றாக வந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. தலையணை, சீப்பு, சாம்பார் எல்லாவற்றிலும் முடி. அம்மா போனில், "திருப்பூர் உப்புத் தண்ணிதான்" என்றார். அத்தை, "மலைத் தண்ணியில வளர்ந்த முடி, இங்க நிக்காது" என்றார். இரண்டு வீடும் சேர்ந்து ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றினேன்.

தோல் டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? காய்ச்சலா, பட்டினியா?" என்றுதான் கேட்டார். உடம்புக்கு அதிர்ச்சி வந்தால் நிறைய முடி ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்திக்கொள்ளுமாம். ஆனால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிருமாம். அதனால்தான் யாரும் காரணத்தைப் பிடிப்பதில்லை. திரும்ப வளர்ந்துவிட்டது, ஏழெட்டு மாதம் ஆனது. 10 கிலோவில் 8 கிலோவும் திரும்ப வந்துவிட்டது, அதற்கு அத்தை வீட்டுச் சமையல் காரணம்.

லவ்டேல்காரன்:

ஒரு சந்தேகம். ஜெர்கினோடு எடை பார்க்கிற பழக்கம் எனக்கு மட்டும்தானா? என் ஜெர்கின் மட்டும் 1.2 கிலோ. வெயில் அடிக்கிற வாரம் எல்லாம் நான் மெலிந்துவிடுகிறேன்.

கேத்தி டீச்சர்:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் வேகமாகக் குறைத்தவள், அதற்காக வருத்தப்படவில்லை.

சர்க்கரை நோய் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. டாக்டர் மேற்பார்வையில் 12 வாரம், ஒரு நாளைக்கு 850 கலோரி, எல்லாம் அளந்த பானமாக. தொடங்கிய அன்றைக்கே சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்தினார். வாரா வாரம் ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை. 14 கிலோ குறைந்தது. மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒரு வருடத்தில் 5 கிலோ திரும்பி வந்தது, மீதி நிற்கிறது.

இது ஏதோ எனக்கு மட்டும் அடித்த அதிர்ஷ்டம் இல்லை. பிரிட்டனில் இதே முறையில் செய்த டைரக்ட் என்ற ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் இந்த உணவுமுறைக்குப் போனவர்களில் 100க்கு 46 பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை அடங்கியது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 86. "மெதுவாகக் குறைத்தால்தான் நிற்கும்" என்கிறார்களே, அதையும் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள், 2014இல் முடிவு வந்தது. 200 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம், இன்னொரு பாதிக்கு 36 வாரம். இலக்கை எட்டியவர்கள் வேகக் குழுவில் 100க்கு 81 பேர், மெதுக் குழுவில் 50 பேர். அதன்பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவும் குறைத்ததில் 71 சதவீதத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போனவர்களும் தப்பவில்லை.

பெரிய இலக்கு வைத்தது தப்பு என்று தேயிலைக்காரத் தம்பியை யாரும் சொல்லாதீர்கள். என் வகுப்பில் 35 மார்க்கைக் குறிவைக்கிற பிள்ளை 28 வாங்கும்.

குன்னூர் நர்ஸ்:

டீச்சர், உங்களோடு சண்டை இல்லை. வாராவாரம் ஒருவர் பரிசோதித்தார், மாத்திரையை அவரே நிறுத்தினார் என்கிறீர்கள். அந்தப் பாதியை விட்டுவிட்டு 850 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் வார்டில் நான் பார்க்கிறேன்.

அப்பாவுக்காக எழுதும் மகன், குன்னூர்:

அந்த மாத்திரை விஷயம்தான் எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டை விட்டார், மாத்திரையை விடவில்லை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் சிம்ஸ் பூங்கா பக்கம் நடக்கப் போனார். ஜனவரிக் குளிரில் சட்டை நனைய வேர்த்து, வாய் குழறி, குடித்தவர் மாதிரி தள்ளாடியிருக்கிறார். டீக்கடைக்காரர்தான் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று கண்டுகொண்டு, பேச்சு இருக்கும்போதே சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தனை கலோரி இருக்கும்?"

கோத்தகிரி தேயிலைக்காரன்:

எல்லாரும் எழுதியதற்கு நன்றி. மிச்சக் கதை இது.

22ஆவது படி நாளுக்கு மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். காலையில் இரண்டு முட்டை, மதியம் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ, களி ஒரு உருண்டை, ராத்திரி பாதி வயிறு என்று மாறினேன். முதல் பத்து நாளில் 2 கிலோ ஏறியது. கல்யாணத்துக்கு 40 நாள்கூட இல்லை, வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "மழை இலை" என்றாள் மனைவி, அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று 88 கிலோ. பழைய கோட் பட்டன் போட முடியவில்லை. வேட்டி கட்டிக்கொண்டேன். இப்போது ஜூன். 83 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை 5.6. 90 நாளில் கேட்ட 20 கிலோவில் எட்டு மாதத்தில் 13 வந்திருக்கிறது. டாக்டர் கேட்ட 7ஐ மட்டும் எழுதியிருந்தால் தீபாவளி இனிப்போடு மறந்திருப்பேன், அந்த வகையில் டீச்சர் கட்சிதான் நான். ஆனால் காலண்டரில் இப்போது எழுதுவது கிலோ இல்லை, படி. போன வாரம் மூட்டையோடு 51ஆவது படியில் இறக்கினேன்.

டீச்சர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் சர்க்கரை இருக்கிறது, ஐந்து வருடமாக. நீங்கள் சொன்ன 12 வாரக் கதையை அவரிடம் சொன்னதில் இருந்து என்னைப் பிடுங்கி எடுக்கிறார். உங்கள் டாக்டரிடம் அவரை அழைத்து வரலாமா, எந்தக் கிழமை பார்ப்பார்?