பண்ருட்டி முந்திரியைப் புதுச்சேரிக்கு அனுப்புவதில் செலவையும் புகையையும் குறைப்பது எப்படி?

கேள்வி: பண்ருட்டிப் பருப்பு

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டி அருகே முந்திரிக்கொட்டை உடைக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்துகிறேன். வாரத்தில் ஆறு நாள்களும் எங்கள் சொந்த டீசல் குட்டி யானை கடலூர் வழியாகப் புதுச்சேரி சென்று, மளிகைக் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் பருப்பு இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகிறது. இந்நிலையில், எங்களிடம் மொத்தமாக வாங்கும் ஒருவர், தம் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார் என்று சொல்லி, சரக்குப் போக்குவரத்தில் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கை எங்களிடம் கேட்டிருக்கிறார். கடன் வாங்கி மின்சார வண்டிக்கு மாறிவிடலாமா, அதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை உள்ளனவா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: விழுப்புரம் லாரி செட்

ஐயா, வண்டியை மாற்றுவதற்கு முன் நடையைக் குறையுங்கள். உங்கள் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 600 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் டீசல் ஆகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஆக வாரத்துக்கு ஏறத்தாழ 108 கிலோ. கடைக்காரர்களிடம் பேசி, செவ்வாய், வியாழன், சனி என மூன்று நாள்களுக்கு ஆர்டரைத் தொகுத்து வண்டியை நிரப்பி அனுப்பினால், ஒரு ரூபாய் முதலீடு இல்லாமலே அது பாதியாகிவிடும். முந்திரிப் பருப்பு தக்காளியோ மீனோ அன்று; காற்றுப் புகாமல் கட்டினால் இரண்டு நாள் இருப்பில் கெட்டுப்போகாது.

அடுத்து ரிட்டர்ன் லோடு. பருப்பு கட்ட அட்டைப்பெட்டியை எங்கிருந்து வாங்குகிறீர்கள்? பெட்டிக்காரரின் வண்டி தனியாக உங்கள் கூடத்துக்கு வந்து போகிறது என்றால், ஒரே சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிராகக் காலியாக ஓடுகின்றன என்று பொருள். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்து, பெட்டிகளை உங்கள் வண்டியிலேயே ஏற்றி வாருங்கள். மடித்த அட்டைக்கு எடையும் இடமும் குறைவு. மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் பேக்கரிகளுக்குப் பருப்பு கொடுத்துக் காலி டிரம்மைத் திரும்ப எடுப்பவர்களும் உண்டு. ஆனால் காலி டிரம் காற்றைச் சுமப்பது போலத்தான், வண்டியின் இடத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஓரிருவராக இருந்தால் மட்டுமே அது கட்டுப்படியாகும்.

பதில் 2: காடாம்புலியூர் அக்கா

புதுச்சேரிச் சாலையை மட்டும் பார்த்தால் கணக்கு முழுமை பெறாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் தோப்புகளைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். உள்ளூர் விளைச்சல் ஆண்டு முழுவதும் கூடங்களுக்குப் போதாததால், ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. நான்கு கிலோ கொட்டையை உடைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்புத்தான் கிடைக்கும் என்பதால், நீங்கள் விற்கும் ஒவ்வொரு கிலோவுக்குப் பின்னாலும் நான்கு கிலோவின் பயணம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 12 சதவீத ஈரத்தோடு 10 டன் கொட்டை வாங்கி, 8 சதவீதம் வரும்வரை வெயிலில் காயவைத்தால், சுமார் 435 கிலோ குறையும். அவ்வளவு தண்ணீருக்கும் கொட்டை விலையும் லாரி வாடகையும் கொடுத்திருக்கிறோம்! ஆகவே ஈரமானியை வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். பூஞ்சை பிடித்த கொட்டை கடலைத் தாண்டி வந்து குப்பைக்குப் போவதை விடப் பெரிய வீண் எனக்குத் தெரிந்து இல்லை.

உடைத்த கொட்டையின் ஓட்டை அப்படியே அடுப்பில் எரிக்கிறீர்களா? அதில் உள்ள எண்ணெய் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் புகையாகத்தான் போகும். எண்ணெய் எடுப்பவர்களுக்கு ஓட்டை விற்றால், அது பெயின்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் மூலப்பொருளாகிறது. எண்ணெய் எடுத்த சக்கையை பாய்லருக்கு எரிபொருளாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பதில் 3: புதுவைக் கணக்கர்

முன் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் ஆர்டரைத் தொகுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் வேறு ஆட்சிப்பகுதி என்பதால், உங்கள் விற்பனை மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகிறது. தினமும் 30,000 ரூபாய்க்கு எடுத்த கடை இனி இரண்டு நாளுக்குச் சேர்த்து 60,000 ரூபாய்க்கு எடுக்கும்போது, 50,000 ரூபாய் வரம்பைத் தாண்டி அந்தச் சரக்குக்கு ஈ-வே பில் (ஜிஎஸ்டி முறையில் இணையத்தில் போடும் சரக்குச் சீட்டு) கட்டாயமாகிவிடும். அதை வண்டி புறப்படும் முன்பே போடுவதற்கு ஓர் ஆளைப் பழக்குங்கள்.

மின்சார வண்டியை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரமும் கலந்துதான் நமக்கு வருகிறது. எனவே புகை இல்லை என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கூடத்தின் கூரையில் சோலார் தகடு போட்டு, வண்டி ஓடாத நாள்களில் பகலில் சார்ஜ் ஏற்றினால் நிலைமை வேறு. வாரம் மூன்று நடை என்று ஆன பிறகுதான் அதற்கு வாய்ப்பே வருகிறது. கணக்குக் கேட்டவருக்கு இப்போதைக்கு டீசல் பில்லையும் வண்டி ஓடிய தூரத்தையும் ஏற்றிய எடையையும் ஒரே நோட்டில் எழுதி, மூன்று மாதக் கணக்காகக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: பண்ருட்டிப் பருப்பு

மூவருக்கும் நன்றி. அட்டைப்பெட்டி புதுச்சேரியிலிருந்துதான் தனி வண்டியில் வருகிறது என்பதை எழுத வெட்கமாகவே இருக்கிறது. நேற்று கடைக்காரர்களிடம் பேசினேன். பெரும்பாலோர் மூன்று நாள் முறைக்கு ஒத்துக்கொண்டார்கள். கடற்கரைச் சாலைக்கு அருகே கடை வைத்திருப்பவர் மட்டும், சனி, ஞாயிறில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக வெள்ளிக்கிழமையே சரக்கு இறங்கியாக வேண்டும் என்கிறார். எனவே சனிக்கிழமை நடையை வெள்ளிக்கு மாற்றி, வியாழனைப் புதனாக்கி, திங்கள், புதன், வெள்ளி என்று அடுத்த வாரம் தொடங்குகிறோம். ஈரமானி வாங்கச் சொல்லியிருக்கிறேன். வண்டிக் கடனைப் பற்றி மூன்று மாத நோட்டைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன்.