செம்மரக் கைதுச் செய்தியில் மலைக்காரர்களை எப்படிக் காட்டுவது?

குப்பம் கேமரா
குப்பம், பலமநேர், சித்தூர் பக்கம் தமிழில் ஒரு யூடியூப் செய்திச் சேனல் நடத்துகிறோம். செம்மரக் கைதுச் செய்தி அடிக்கடி வரும். வாட்சாப்பில் தெலுங்கில் ஒரு பிரஸ் நோட், கூடவே ஒரு படம். முன்னால் கட்டைகளை அடுக்கியிருப்பார்கள், நடுவில் கைதானவர்களைக் குந்தவைத்திருப்பார்கள், பின்னால் அதிகாரிகள் நிற்பார்கள். நோட்டைத் தமிழாக்கி, ‘ஜவ்வாதுமலை செம்மரக் கும்பல் சிக்கியது’ என்று தம்ப்நெயில் போட்டால் வியூஸ் எகிறுகிறது. ஆனால் கமெண்டில் பிடிபட்ட எட்டுப் பேரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, மொத்த மலையையும் திட்டுகிறார்கள். ஜவ்வாதுமலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வரும் பையன்களுக்கு அறை வாடகைக்கு விட இங்கே யோசிக்கிறார்கள் என்றும் காதில் விழுகிறது. செய்தியைப் போடாமல் இருக்க முடியாது. எதை மாற்ற வேண்டும்? பொதுவான அறிவுரை வேண்டாம், நாளைக்கே செய்து பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

திருத்தணி டெஸ்க்
தம்பி, முதலில் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்மர வியாபாரத்தில் எத்தனை படி இருக்கிறது? ஊருக்கு வந்து ஆள் பிடித்து முன்பணம் கொடுக்கும் மேஸ்திரி, மரத்தை வெட்டிச் செதுக்கிச் சுமப்பவர்கள், முன்னால் வேவு பார்த்துப் போகும் பைலட் வண்டி, லாரி, குடோன், துறைமுகம் வரைக்கும் பேப்பர் தயார் செய்பவன், வெளிநாட்டில் வாங்குபவன். இதில் காட்டுக்குள் நடந்து போவது வெட்டுகிறவர் மட்டும்தான். அதனால் பிடிபடுவதும் அவரே, படத்தில் வருவதும் அவரே. வருஷம் முழுக்க இதே படம் ஓடினால், பார்க்கிறவர் மனதில் செம்மரக் கடத்தல் என்றால் லுங்கி கட்டிய மலைக்காரர் என்று பதிந்துவிடும். குடோன்காரன் முகம் யாருக்கும் தெரியாது.

இது வெறும் ஊகம் இல்லை. ஷாந்தோ ஐயங்கார் என்ற அரசியல் அறிஞர் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் சோதித்து 1991-இல் வெளியிட்டது இதைத்தான். ஒரு ஏழைக் குடும்பத்தை மட்டும் காட்டிய செய்தியைப் பார்த்தவர்கள் வறுமைக்கு அந்த ஏழையையே காரணம் சொன்னார்கள். வேலையின்மை, அரசின் கொள்கை என்று பின்னணியோடு பார்த்தவர்கள் பொறுப்பை அங்கே வைத்தார்கள்.

ஆகவே நோட் வந்ததும் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது? மேஸ்திரி பெயர் எஃப்.ஐ.ஆரில் உண்டா? கட்டை எங்கே போவதாக இருந்தது? பதில் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் ‘லாரி உரிமையாளர் யார் என்பதைப் போலீஸார் தெரிவிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் போவதுதான் கோளாறு. வண்டி எண்ணை அரசின் வாகனத் தகவல் செயலியான எம்பரிவாகனில் போட்டாலே எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி என்பது தெரிந்துவிடும்.

மதிப்பு விஷயத்திலும் ஜாக்கிரதை. நோட்டில் வரும் கோடிக்கணக்கு பெரும்பாலும் வெளிநாட்டுச் சந்தை விலை. ஆந்திர அரசு கட்டையை ஏ, பி, சி என்று தரம் பிரித்து மின்னேலம் விடுகிறது, அந்த விலை வேறு. எந்த விலை என்று சொல்லாமல் ‘2 கோடி’ என்று போட்டால், படத்தில் குந்தியிருப்பவர் கையில் 2 கோடி இருந்த மாதிரி ஆகிவிடும். அவருக்குப் பேசியது கூலி.

தலைப்பில் ஊர்ப் பெயர், மலைப் பெயர், சாதிப் பெயர் மூன்றும் வேண்டாம். பிரஸ் கவுன்சில் நெறிமுறையே, இழிவு தொனிக்கும் இடத்தில் சாதி அடையாளத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. ஊர் செய்திக்குத் தேவையென்றால் உள்ளே, நாலாவது பத்தியில் வரட்டும். ‘செம்மரக் கட்டைகளுடன் 8 பேர் கைது; லாரி உரிமையாளர் யார்?’ என்று போட்டுப் பாருங்கள். வியூஸ் கொஞ்சம் இறங்கும், அதை மறைப்பானேன்.

ரேணிகுண்டா பாஸ்கர்
வெட்டினது உண்மைதானே? 2013 டிசம்பரில் திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலக் காட்டில் இரண்டு வன அலுவலர்களைக் கொன்றார்களே, அதையும் பூசி மெழுகுவதா?

திருத்தணி டெஸ்க்
பாஸ்கர் சார், கொலை நடந்தது, அதை எழுத வேண்டும், எழுதினார்கள். அந்த வழக்கின் மிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள், நீண்ட நாள் சிறையில் இருந்தார்கள், 2016-இல் திருப்பதி நீதிமன்றம் விடுவித்தது. கைதானபோது முதல் பக்கம், விடுதலையானபோது உள்பக்கத்தில் சின்னச் செய்தி. கொன்றவன் யார் என்பதும் தெரியாமல் போயிற்று, கறை மட்டும் மலைக்கு நின்றது. செத்துப்போன அந்த இரண்டு அலுவலர்களுக்கும் இதனால் நியாயம் கிடைத்துவிடவில்லை.

2015 ஏப்ரல் 7-ஐயும் பாருங்கள். சேஷாசலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். போலீஸ் தற்காப்பு என்றது. சிலரை முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உடன் போனவர்கள் சாட்சி சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. ஆந்திரப் பக்கம் ‘ஸ்மக்லர்கள்’ என்றார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் ‘அப்பாவித் தொழிலாளர்கள்’ என்றார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே விசாரணைக்கு முன்னால் எழுதிய தீர்ப்புதான். இரக்கப்பட்டு எழுதுகிறோம் என்று மலைக்காரரை ஒன்றும் தெரியாத வெகுளியாகக் காட்டுவதும் அவரைச் சிறுமைப்படுத்துவதே. ‘மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்படுபவர்கள்’ என்று செயலைச் சொன்னால் போதும்.

சித்தூர் வக்கீல்
சட்டப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் சின்னச் சேனல்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கைதானவரின் முகத்தைக் காட்டாதீர்கள். சாட்சி அடையாளம் காட்டும் அணிவகுப்பு பாக்கியிருக்கும்போது முகம் யூடியூபில் வந்துவிட்டால், ‘வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் காட்டினார்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். அரசுத் தரப்பு வழக்கே கெட்டுப்போகும். ஆட்களை ஊடகத்தின் முன் நிறுத்தக் கூடாது என்று மத்திய உள்துறை 2010 ஏப்ரலிலேயே போலீஸாருக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறது. இன்னமும் நிறுத்துகிறார்கள் என்பது வேறு கதை.

வயதைக் கேளுங்கள். வெட்டப் போகும் கூட்டத்தில் 16, 17 வயதுப் பையன் இருப்பதுண்டு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பா பெயரோடு ஊரைப் போட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

‘குற்றத்தை ஒப்புக்கொண்டனர்’ என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25, இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தில் பிரிவு 23. வனத்துறை பிடித்திருந்தால் இந்தத் தடை அப்படியே பொருந்தாது. எனவே பிடித்தது செம்மரக் கடத்தல் தடுப்புப் படையான டாஸ்க் ஃபோர்ஸ் போலீஸா, வனத்துறையா என்பதைத் தனியாக எழுதுங்கள். எப்போது பிடித்தார்கள், எப்போது மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள் என்ற இரண்டு நேரமும் வரட்டும். பயண நேரம் போக, சட்டம் அனுமதிக்கும் 24 மணி நேரத்தை இடைவெளி தாண்டினால் அதுவே தனிச் செய்தி.

ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை மலையாளி மக்கள் (கேரள மலையாளிகள் அல்ல) தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர், 2011 கணக்கெடுப்பில் 3.5 லட்சத்துக்கு மேல். ‘மலைக்காரன் எல்லாம் திருடன்’ வகைப் பேச்சு எழுத்திலோ படத்திலோ பகையை வளர்ப்பதாக இருந்தால் வன்கொடுமைச் சட்டம் பிரிவு 3(1)(யு) வரும். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. ‘கமெண்டில் எவனோ போட்டான்’ என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள், அதை ‘பின்’ (pin) செய்து மேலே வைத்தது உங்கள் சேனல் என்றால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கொழிஞ்சாம்பாறை
கேரளத்து அட்டப்பாடியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 2018 பிப்ரவரியில் ஆதிவாசி இளைஞர் மதுவைத் திருடன் என்று பிடித்துக் கட்டி அடித்தார்கள், அவர் இறந்துபோனார். கூட்டத்திலிருந்தவர்களே செல்ஃபி எடுத்துப் பரப்பினார்கள். அப்புறம் அனுதாபம் என்ற பெயரில் ஊடகங்களும் அதே படத்தை நாள்கணக்கில் ஓட்டின. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு கோர்ட் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அடித்தவன் எடுத்த கோணத்திலேயே அடிபட்டவரைக் காட்டாதீர்கள். தீர்ப்புச் செய்திக்குத் தீர்ப்பான கோர்ட் கட்டடத்தைப் போடலாம், காட்டுப் பாதையைப் போடலாம்.

குப்பம் கேமரா
நன்றி அக்கா, நன்றி வக்கீல் சார். தம்ப்நெயிலுக்குக் கட்டைகளை மட்டும் கிராப் பண்ணிப் போட்டால் சரியாகுமா? பழைய வீடியோக்களை என்ன செய்வது?

திருத்தணி டெஸ்க்
கட்டையும் வண்டியும் போதும். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி கிராப் செய்யுங்கள், அது இருந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். பழையதில் முகங்களை யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரிலேயே மங்கலாக்கலாம், மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. தலைப்பையும் மாற்றலாம். கமெண்டுக்கு, தடைச் சொல் பட்டியலில் தமிழ், தெலுங்கு, ஆங்கில எழுத்துத் தமிழ் மூன்றிலும் சொற்களைப் போடுங்கள். ஒரு எழுத்து முறையில் மட்டும் போட்டால் அடுத்ததில் வந்துவிடும்.

சித்தூர் வக்கீல்
பழைய வீடியோவில் வழக்கு முடிந்திருந்தால் முடிவைச் சேருங்கள். நீதிமன்ற வழக்கு விவரம் தரும் இகோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்தால் வழக்கின் நிலை வரும். கூடவே கிடைக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கே உரிய அடையாள எண்ணை, ஒரு எக்செல்லில் வீடியோ லிங்க்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும். விடுதலை என்று வந்தால் அதே நீளத்தில் இன்னொரு வீடியோ போடுங்கள், டிஸ்கிரிப்ஷனில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டு முடித்துவிடாதீர்கள்.